பீன்ஸின் இரண்டு தாய்வீடுகள்

மளிகைக் கடையில் கிடைக்கும் பெரிய சிவப்பு ராஜ்மாவில் 100 மணிகளை எண்ணி எடுத்துத் தராசில் வைத்துப் பாருங்கள். 40 கிராமுக்கு மேல் நிற்கும். மெக்சிகோவில் அன்றாடம் வேகவைத்து உண்ணும் சின்னக் கறுப்பு பீன்ஸில் அதே 100 மணிகளை வைத்தால் 20 கிராமுக்குப் பக்கத்திலேயே நின்றுவிடும். கறுப்பா சிவப்பா என்று நிறத்தைப் பார்க்க வேண்டாம். சேதி எடையில் இருக்கிறது. இரண்டுக்கும் தாவரவியலில் ஒரே பெயர்தான், பேசியோலஸ் வல்காரிஸ். நாம் பொரியலுக்கு நறுக்கும் பச்சை பீன்ஸும் இதே செடியின் பிஞ்சுக்காய். ஆனாலும் பெரிய மணியும் சின்ன மணியும் வெவ்வேறு தாய்வீடுகளிலிருந்து வந்தவை. அந்த இரண்டு வீடுகளையும் தெரிந்துகொள்ளாமல் பீன்ஸில் புதிய ரகம் எடுக்க முடியாது என்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுகொள்ளவே வெகுகாலம் ஆனது.

நம் நிலத்துக்கு இது வந்தேறிப் பயிர். அவரைக்கும் மொச்சைக்கும் தட்டைப்பயறுக்கும் நம்மிடம் பழைய பெயர்கள் உண்டு, இதற்கு இல்லை. தமிழ்நாட்டில் பீன்ஸ் என்கிறோம், இலங்கையில் போஞ்சி என்கிறார்கள். கடல் கடந்து வந்த பெயரை அப்படியே வைத்துக்கொண்டோம். வந்த பயிரும் மலையிலேயே தங்கிவிட்டது. நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு, அந்தப் பக்கம் நுவரெலியா, பதுளை. மதுரையில் சித்திரை மாதத்தில் இதை விதைத்தால் செடி முளைக்கும், வளரும், பூக்கக்கூடச் செய்யும். பூ உதிர்ந்துவிடும். பகல் வெயிலைவிட இரவு வெக்கைதான் இதற்குப் பகை. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஏற ஏற மகரந்தம் கெட்டு, காய் பிடிப்பது நின்றுபோகிறது. இந்தக் குறை இந்தப் பயிரின் எல்லா ரகங்களுக்கும் உரியதா, அல்லது எங்கோ ஒரு மூலையில் இதைத் தாண்டிய செடி இருக்கிறதா? மரபு வளத்தைத் தேடுவது என்பது இந்த மாதிரிக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

காட்டு பீன்ஸ் ஒரு மெல்லிய கொடி. வட மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினாவின் வடமேற்கு வரை மலைச்சரிவுகளில் மரம் பற்றி ஏறி வளர்கிறது. 2014இல் இதன் முழு மரபுத்தொகுதி வெளியானபோது, மெக்சிகோப் பக்கத்துக் காட்டுக் கொடியும் ஆண்டீஸ் மலைக் காட்டுக் கொடியும் ஏறத்தாழ 1,65,000 ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று கணக்கிட்டார்கள். அதாவது மனிதன் அமெரிக்கக் கண்டத்தில் கால் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே. பிறகு சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் இரண்டு இடங்களிலும், ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மக்கள் கூட்டங்கள், தனித்தனியே இந்தக் கொடியை வீட்டுப் பயிராக்கின. விதையிலுள்ள பேசியோலின் என்ற புரதத்தின் வகைகளை ஒப்பிட்டு, 1980களில் பால் கெப்ட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் இந்த இரட்டைப் பிறப்பை உறுதிப்படுத்தினார். 1991இல் ஸ்ரீ பி. சிங், கெப்ட்ஸ், டேனியல் டெபூக் மூவரும் இரண்டு வீடுகளுக்குள்ளும் ஆறு குடும்பங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மெக்சிகோவின் வறண்ட மேட்டுநிலத்துக்கு துராங்கோ, ஈரமான மேட்டுநிலத்துக் கொடி ரகங்களுக்கு ஹலிஸ்கோ, தாழ்ந்த வெப்ப நிலத்துச் சிறுமணிகளுக்கு மெசோஅமெரிக்கா. தெற்கே நுவேவா கிரனாடா, பெரு, சிலி.

பல்வகைமை என்றதும் நாம் ஓர் எண்ணைச் சொல்லித் திருப்தி அடைந்துவிடுகிறோம்: இத்தனை ஆயிரம் ரகங்கள் என்று. எனக்கு அது போதவில்லை. ஒவ்வொரு நாட்டு ரகமும் ஒரு முகவரி. இன்ன உயரம், இன்ன மழை, இன்ன மண், இன்ன அடுப்பு என்று அதில் எழுதியிருக்கிறது. அடுப்பு என்று வேண்டுமென்றே சொல்கிறேன். பெரு, பொலிவியா மலைகளில் நூன்யா என்றொரு பீன்ஸ் இருக்கிறது. அதை வேகவைப்பதில்லை. சூடான சட்டியில் போட்டுப் பொரிக்கிறார்கள். தோல் வெடித்து மணி மலர்கிறது. அவ்வளவு உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் பயறு வேக மணிக்கணக்கில் விறகு எரிய வேண்டும். விறகோ அங்கே அரிது. அந்த மலை மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொரியும் மணிகளைப் பொறுக்கி வைத்துத் தங்கள் அடுப்புக்கு ஏற்ற பயிரை உருவாக்கிக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட முகவரிகள் மிக அதிகமாகச் சேர்ந்திருக்கும் இடம் கொலம்பியாவின் பல்மிரா. 1967இல் அங்கே தொடங்கிய பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை மையத்தின் விதை வங்கியில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்த 37,000க்கும் அதிகமான பீன்ஸ் மாதிரிகள் உறைநிலைக்குக் கீழே உறங்குகின்றன. 2022இல் இதற்காகவே புதிய கட்டடம் திறந்தார்கள். ஆனால் 37,000 மாதிரிகளையும் எந்த வல்லுநரும் வயலில் விதைத்துப் பார்க்க முடியாது. அதனால் 1990களில், சேகரித்த இடத்தின் பகல் நீளம், மழை, மண், பருவகாலம் ஆகியவற்றைக் கொண்டு சுமார் 1,400 மாதிரிகளை ஒரு சாரத் தொகுப்பாகப் பிரித்தார்கள். வறட்சிக்கு ரகம் தேடுபவர் முதலில் வறண்ட முகவரிகளைப் புரட்டலாம். எங்கே எடுத்தோம் என்று சேகரித்தவர் சீட்டில் எழுதாமல் விட்டிருந்தால் விதை இருந்தும் இந்த வேலைக்கு உதவாது.

விதையைக் கண்டுபிடித்த பிறகு கலப்பு. இது இன்றும் கைவேலைதான். பீன்ஸ் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும். விரிவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே நாளை விரியப்போகும் மொட்டை இன்றே திறக்க வேண்டும். இடுக்கியால் மேலிதழை விலக்கினால் உள்ளே படகிதழ் சங்குபோல் சுருண்டிருக்கும். அதை மெல்ல அழுத்த, சுருளின் நுனியிலிருந்து சூலகமுடி எட்டிப்பார்க்கும். தந்தைச் செடியின் விரிந்த பூவிலிருந்து, மகரந்தம் அப்பிய சூலகமுடியைக் கிள்ளி எடுத்து இதன்மேல் தேய்க்கிறார்கள். சிலர் ஒன்றை மற்றதில் கொக்கிபோல் மாட்டியே விட்டுவிடுகிறார்கள். பிறகு இதழ்களை மூடி, ஒரு சீட்டுக் கட்டுகிறார்கள். எல்லாம் சரியாக நடந்தால் ஒரு காய், அதில் நாலைந்து மணிகள். கை சற்று அழுத்தினால் மொட்டு மறுநாள் உதிர்ந்து கிடக்கும்.

இவ்வளவு பாடுபட்டு ஆண்டீஸ் செடியையும் மெக்சிகோச் செடியையும் சேர்த்தால், சில ஜோடிகளில் பிள்ளைச் செடி குட்டையாகி, இலை வெளுத்து, வேர் வளராமல் செத்துப்போகிறது. பெற்றோர் இருவரும் திடமாக இருப்பார்கள். பிள்ளை மட்டும் பிழைக்காது. ஒரு பக்கத்து மரபணு வேரிலும் மறுபக்கத்து மரபணு தண்டிலும் வேலை செய்ய, இரண்டும் ஓர் உடலில் சந்திக்கும்போது விளைகிற கோளாறு இது என்று ஒட்டுக்கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். வெப்பம் கூடினால் கோளாறும் கூடுகிறது. ஒன்றரை லட்சம் ஆண்டு பிரிவின் விலை இது. எல்லா ஜோடிக்கும் இப்படி நேர்வதில்லை என்பதால் இடையில் நின்று இரண்டு பக்கமும் பொருந்தும் செடிகளைத் தேடிப் பிடித்துப் பாலமாகப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தத் துறையில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேர் பற்றிய ஆய்வு. ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும் பீன்ஸ் விளையும் நிலங்களில் பெரும்பகுதிக்கு மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், குறை. சிறு விவசாயியால் உரம் வாங்க இயலாது. மண்ணில் இருக்கிற கொஞ்சம் மணிச்சத்தும் மேல்மண்ணில் மட்டுமே கிடக்கும்; மழையோடு கீழே இறங்காது. ஆகவே வேரைப் பக்கவாட்டில் விரித்து மேலாகப் பரப்புகிற செடி அதை அள்ளிக்கொள்ளும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜொனாதன் லிஞ்ச் பல ஆண்டுகள் இதையே பின்தொடர்ந்தார். வேரின் கோணம் ரகத்துக்கு ரகம் மாறுகிறது, அது மரபுவழி இறங்குகிறது என்று காட்டினார். அவருடைய குழு மொசாம்பிக்கில் செய்த வயல் சோதனை 2015இல் வெளியானது. மணிச்சத்துக் குறைந்த மண்ணில், நீளமான வேர்த்தூவி மட்டும் உள்ள செடி 89 விழுக்காடு அதிகம் வளர்ந்தது. மேலாகப் பரவும் வேர் மட்டும் உள்ளது 58 விழுக்காடு. இரண்டும் ஒரே செடியில் சேர்ந்தபோது 298 விழுக்காடு. இரண்டையும் கூட்டினால் வருவதைவிட இது இரண்டு மடங்கு! தூவி நீளமாக இருந்து என்ன, அது மணிச்சத்து இருக்கும் இடத்துக்குப் போக வேண்டுமே. அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது வேரின் கோணம்.

அதே வேரை வறண்ட நிலத்துக்குக் கொண்டுபோங்கள். மேல்மண் காய்ந்து, ஈரம் இரண்டடி கீழே போனபின் மேலாகப் பரவிய வேருக்குக் குடிக்க ஒன்றும் இருக்காது. அங்கே பிஏடி 477 போன்ற, ஆழமாக இறங்கும் வேர் உடைய ரகங்களே தாங்குகின்றன. மணிச்சத்துக்கு மேலே, தண்ணீருக்குக் கீழே. ஒரு செடிக்கு உணவாக்கும் சக்தி இவ்வளவுதான் என்றிருக்கும்போது இரண்டு பக்கமும் தாராளமாக வேர்விட முடியாது. எங்கும் எப்போதும் சிறந்த பீன்ஸ் என்று ஒன்றைத் தேடுவது வீண் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது. ஓர் ஆய்வுப் பண்ணையில், நன்றாக உரமிட்டு நீர்பாய்ச்சிய மண்ணில் தேர்ந்தெடுத்த ரகம், அந்த மண்ணுக்குத்தான் சிறந்தது. அதைக் கொண்டுபோய் உரமில்லாத மானாவாரி நிலத்தில் திணித்துவிட்டு, விவசாயிக்குப் புது ரகம் ஏற்கத் தெரியவில்லை என்று குறைசொல்வது பெரிய அநீதி. பல நாடுகளில் அந்த அநீதி நடந்தது.

ருவாண்டாவில் அதைத் திருத்திப் பார்த்தார்கள். உலகில் பீன்ஸை மிக அதிகமாக உண்ணும் மக்களில் ருவாண்டா மக்களும் உண்டு. ஒரே வயலில் பத்து, இருபது ரகங்களைக் கலந்து விதைப்பது அங்கே வழக்கம். எந்த நிலத்துக்கு எந்தக் கலவை என்பதைப் பெண்கள்தான் முடிவு செய்வார்கள். மேட்டு நிலத்துக்கு ஒன்று, வாழைத்தோப்பின் நிழலுக்கு வேறொன்று. 1980களின் கடைசியில் லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற ஆராய்ச்சியாளரும் உடன் பணியாற்றியவர்களும் இந்தப் பெண்களை ஆய்வுப் பண்ணைக்கே அழைத்து, வரிசை வரிசையாக நின்ற செடிகளில் எது வேண்டும் என்று கேட்டார்கள். வழக்கமாக வல்லுநர்கள் சலித்து முடித்து, இரண்டோ மூன்றோ ரகங்களை மட்டும் ஊருக்கு அனுப்புவார்கள். இங்கே சலிப்பதற்கு முன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். விளைச்சலை மட்டும் அவர்கள் பார்க்கவில்லை. தங்கள் மண்ணுக்கும் மழைக்கும் தோப்பு நிழலுக்கும் எது சரிப்படும் என்று பார்த்தார்கள். அவர்கள் பொறுக்கிய ரகங்கள் சொந்த நிலத்தில் பழைய கலவையைவிட 38 விழுக்காடு வரை கூடுதலாக விளைந்தன என்று 1993இல் வெளியான கட்டுரை சொல்கிறது.

அந்த நாட்டுக்குப் போன ஒரு விதையின் கதை இது. மெக்சிகோவின் சியாபாஸ் மாநிலத்தில் தெயோபிஸ்கா என்றோர் ஊர். அங்கிருந்து வந்த, மரம்போல் உயர ஏறும் ஒரு சிவப்பு மணிக் கொடிக்கு விதை வங்கியில் ஜி 2333 என்று எண். பீன்ஸைக் காயிலும் தண்டிலும் கரும்புண்ணாக்கி அழிக்கும் ஆந்த்ராக்னோஸ் நோய்க்கு எதிராக மூன்று மரபணுக்கள் இதில் ஒன்றாக இருக்கின்றன. இந்த நோய்க்கும் இரண்டு தாய்வீட்டுக் கதை உண்டு. நோய்ப் பூஞ்சையும் பீன்ஸோடு சேர்ந்தே இரண்டு கிளையாகப் பரிணமித்திருக்கிறது. ஆண்டீஸ் பூஞ்சை பெரும்பாலும் ஆண்டீஸ் பீன்ஸையே தாக்கும். ஆகவே பெருமணிப் பயிருக்குக் காவல் வேண்டுமென்றால் சிறுமணி வீட்டில் தேட வேண்டும், அங்கிருப்பதற்கு இங்கே. ருவாண்டாவில் 1980களில் மக்கள்தொகை பெருகி, நிலம் துண்டாகி, வேரழுகல் நோயும் பரவியபோது, உயர ஏறிப் புதர் ரகத்தைவிடப் பன்மடங்கு காய்க்கும் கொடி பீன்ஸை நாடினார்கள். அப்போது இந்த ஜி 2333 உமுபானோ என்ற பெயரில் அங்கே வயலுக்கு வந்தது. அந்தச் சொல்லுக்குக் கிட்டத்தட்ட நல்லுறவு என்று பொருள். கொடிக்குக் கம்பு நட வேண்டும், கம்புக்கு மரம் வெட்ட வேண்டும் என்ற சிக்கலும் கூடவே வந்தது. கம்பு கிடைக்காத ஏழைக் குடும்பத்துக்கு எவ்வளவு காய்த்தாலும் கொடி ரகம் எட்டாக்கனிதான்.

1994இல் ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்தது. விதைகளும் அழிந்திருக்கும் என்று அஞ்சி, பல ஆராய்ச்சி மையங்கள் சேர்ந்து ருவாண்டா ரகங்களைப் பக்கத்து நாடுகளில் பெருக்கத் தொடங்கின. பிறகு ஊர் ஊராகப் போய்ப் பார்த்தபோது, பீன்ஸ் ரகங்களில் பெரும்பாலானவை மக்களிடமே பிழைத்திருந்தன. கலவையாக விதைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலர் வீட்டில் இருந்ததே அவற்றைக் காப்பாற்றியது. விதை கிடைக்காத குடும்பங்களுக்குக் காசில்லாததே தடை. இதைப் படித்த நாளிலிருந்து, பல்வகைமையைக் காப்பது என்றால் குளிர்அறை மட்டும் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

தொடக்கத்தில் கேட்ட வெக்கைக் கேள்விக்கு வருகிறேன். பதில் பேசியோலஸ் வல்காரிஸுக்குள் முழுமையாக இல்லை. ஒன்றுவிட்ட உறவில் இருந்தது. அமெரிக்க, மெக்சிகோ எல்லையில் சொனோரப் பாலைவனம். அங்கே தொஹோனோ ஓதாம் மக்கள் நெடுங்காலமாகத் தெப்பாரி என்ற சிறுமணி பீன்ஸைப் பயிரிடுகிறார்கள். கோடையில் ஓரிரு பெருமழை, அந்த வெள்ளத்தைத் தேக்கி விதைப்பு, சுமார் இரண்டு மூன்று மாதத்தில் அறுவடை. உச்சி வெயிலில் இலைகளைச் செங்குத்தாகத் திருப்பி வெயிலின் அடியைக் குறைத்துக்கொள்கிற செடி அது. பீன்ஸோடு கலந்தால் கரு விதைக்குள்ளேயே பட்டுப்போகும். அதனால் முற்றாத கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊட்டமிட்டு வளர்த்தார்கள். முதல் தலைமுறை பெரும்பாலும் மலடு. அதை மாறி மாறி இரண்டு பக்கத்துச் செடிகளோடும் மீண்டும் கலந்து, ஆண்டுகள் கழித்துத் தெப்பாரியின் துணுக்குகள் பீன்ஸுக்குள் வந்தன. 2015இல் பல்மிரா மையம், வழக்கத்தைவிட 4 டிகிரி கூடுதல் வெப்பத்தையும் தாங்கும், ரகமாக வெளிவருவதற்கு முந்திய 30 விதை வரிசைகளை அறிவித்தது. அவற்றில் பலவற்றில் தெப்பாரி இரத்தம் ஓடுகிறது. 2050க்குள் பீன்ஸ் விளையும் பரப்பில் பாதி வெப்பத்தால் பொருந்தாமல் போகலாம் என்று அதே மையம் மதிப்பிட்டிருந்த சமயம் அது. வேலையை நடத்திய ஸ்டீவ் பீபியும் குழுவினரும் அந்த வரிசைகளில் பலவற்றை முதலில் வறட்சிக்கும் ஏழை மண்ணுக்கும் என்றே உருவாக்கியிருந்தார்கள். இன்னொரு உறவான, குளிர் மலையில் வளரும் சிவப்புப்பூக் கொடி பீன்ஸிலிருந்து அமில மண்ணின் அலுமினியத்தைத் தாங்கும் குணம் எடுக்கப்பட்டது. மெக்சிகோக் காட்டு பீன்ஸிலிருந்து, சேமித்த பயறைத் துளைக்கும் வண்டை வளரவிடாத ஆர்செலின் என்ற புரதம் வந்தது.

எல்லாக் குணமும் இப்படி நல்லபடியாகவே வந்து சேர்ந்துவிடாது. பீன்ஸில் இரும்புச்சத்தை ஏற்றும் வேலையைப் பாருங்கள். வழக்கமான பீன்ஸில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் இரும்பு என்றால் 94 வரை ஏற்றுவது இலக்கு. ருவாண்டாவில் 2010 முதல் இப்படிப்பட்ட ரகங்கள் வெளிவந்தன. அங்குள்ள கல்லூரி மாணவிகளிடம் நடத்திய சோதனையில் இரத்தத்தில் இரும்பு நிலை உயர்ந்தது. ஆனால் பீன்ஸிலுள்ள பைட்டிக் அமிலம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதைக் குறைத்த ரகத்தை உருவாக்கினால் என்ன? உருவாக்கினார்கள். உண்ட பெண்களில் பெரும்பாலோருக்கு வயிற்றைப் புரட்டியது. அந்த மணி சரியாக வேகாமல், பீன்ஸின் இயல்பான நச்சுப் புரதம் அழியாமல் தங்கிவிட்டதே காரணமாகப் பட்டது. எந்த ரகத்தையும் கடைசியில் சோதிப்பது அடுப்புதான். சீக்கிரம் வேகும் பீன்ஸைத் தேடும் பணி இன்று தனியாக நடக்கிறது. வேகும் நேரம் பாதியானால் சுமக்கும் விறகும் குறையும். என் கண்ணுக்கு அதுவும் விளைச்சலே.

இந்த வளம் யாருடையது என்ற வழக்கும் நடந்தது. 1999இல் அமெரிக்காவில் ஒரு மஞ்சள் பீன்ஸுக்குக் காப்புரிமை வழங்கினார்கள். எனோலா என்று பெயர். மூலவிதை மெக்சிகோவில் வாங்கிய ஒரு பை பீன்ஸ். காப்புரிமை கையில் வந்ததும் மெக்சிகோவிலிருந்து மஞ்சள் பீன்ஸ் இறக்குமதி செய்தவர்களிடம் பணம் கேட்டார்கள். மெக்சிகோ விவசாயிகளின் ஏற்றுமதி படுத்தது. 2000இல் பல்மிரா மையம் எதிர்த்து மனு கொடுத்தது. விதை வங்கியிலேயே அதற்கு இணையான பழைய மாதிரிகள் இருந்தன. மரபுக் கைரேகை எடுத்துப் பார்த்ததில், எனோலா மெக்சிகோவில் ஏற்கெனவே இருந்த ரகம்தான் என்று 2004இல் தெரிந்தது. காப்புரிமை ஒழிய 2009 வரை ஆனது. விதையோடு முகவரியைப் பதிந்து வைத்திருந்தவர்கள் இல்லாவிட்டால் அந்த வழக்கில் வெல்லச் சாட்சியே இருந்திருக்காது. 2004இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டுத் தாவர மரபு வள ஒப்பந்தம் பீன்ஸைப் பகிர்ந்துகொள்ளும் பயிர்ப் பட்டியலில் வைத்திருக்கிறது.

உறையவைத்த விதை சேகரித்த நாளோடு நின்றுவிடுகிறது. மெக்சிகோவின் மில்பா வயலில் அது நிற்பதில்லை. மக்காச்சோளமும் பூசணியும் பீன்ஸும் ஒன்றாக வளரும் அந்த நிலத்தின் வேலியோரம் காட்டுக் கொடி ஏறிக்கொண்டிருக்கும். எப்போதாவது ஒரு வண்டு அங்கும் இங்கும் மகரந்தம் மாற்றும். அங்கே செய்த ஆய்வுகள், காட்டிலிருந்து வயலுக்கு வருவதைவிட வயலிலிருந்து காட்டுக்குப் போகும் மரபணுக்கள் மூன்று மடங்குக்கும் அதிகம் என்கின்றன. அதாவது காட்டுக் கொடி மெல்ல மெல்ல வீட்டுப் பயிராக மாறிக்கொண்டிருக்கிறது. வயலிலிருந்து எட்டத்தில், மலைச்சரிவில் நிற்கும் கொடிகள்தான் இன்னும் கலப்பின்றி இருக்கின்றன. அவற்றின் காய் முற்றியதும் திருகி வெடித்து மணிகளை நாலாபுறமும் வீசிவிடும். சேகரிக்கப் போகிறவர் அதற்கு ஓரிரு நாள் முன்னதாகச் சரிவுக்குப் போய்ச் சேர வேண்டும்.